வில்லனின் கடந்த காலத்தை எழுதிவிட்டேன். அவனுடைய நோக்கம் இன்னும் பிடிபடவில்லை

கழுவெளி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய ஓர் ஏரிக்கரை ஊர், பார்த்துக்கொண்டிருக்கும்போதே புறநகராக மாறிப்போவதைப் பற்றி ஒரு நாவல் எழுதி வருகிறேன். கதை 2003இல் தொடங்கி 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிகிறது. பழைய மகாபலிபுரம் சாலை ஆறு வழிச் சாலையாக விரிந்து, கணினி நிறுவனங்கள் வரிசையாக வந்திறங்கி, அதுவரை எருமை மேய்ந்த நிலத்துக்குச் சதுர அடிக் கணக்கில் விலை பேசத் தொடங்கிய காலம் அது. ஏரியின் உள்வாயில் மண்ணைக் கொட்டி மேடாக்கி, மனைகளாகப் பிரித்து, கூலி வேலை செய்பவர்களுக்கும் ஆட்டோ ஓட்டுபவர்களுக்கும் தவணையில் விற்கும் தணிகாசலம் என்ற தரகன்தான் கதையின் வில்லன்.

அவனுடைய கடந்த காலத்துக்கென்றே ஒரு முழு அத்தியாயத்தை ஒதுக்கியிருக்கிறேன். அப்பா பெரம்பூர் பின்னி ஆலையில் தறியில் நின்றவர். 1996இல் ஆலை மூடப்படுகிறது. குடும்பம் வாடகை வீட்டை இழக்கிறது, அப்பா குடித்தே சாகிறார், மகன் படிப்பை விட்டுவிட்டு நிலத் தரகுக்கு வருகிறான். எழுதும்போது எனக்கே நெஞ்சு கனத்தது. ஆனால் நாங்கள் மாதந்தோறும் கூடும் வாசிப்பு வட்டத்தில் அதைப் படித்துக் காட்டியபோது, ஒருவர் “இவன்மீது பரிதாபம்தான் வருகிறது, இனி இவன் என்ன செய்தாலும் கோபம் வராது” என்றார். இன்னொருவர், “இடைவேளைக்குப் பிறகு வரும் ஃபிளாஷ்பேக் போல இருக்கிறது, இதைத் தூக்கிவிட்டாலும் கதை அப்படியேதான் இருக்கும்” என்றார். இரண்டாவது கருத்துதான் உறுத்துகிறது. உண்மையில் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டுப் படித்தால், மற்ற அத்தியாயங்களில் ஒரு வரிகூட மாறவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. தணிகாசலத்தோடு கூட்டு சேர்பவர்கள் மூவர்: அடுக்குமாடி கட்டும் ஒரு பில்டர், உள்ளூர் கவுன்சிலர், வருவாய்த் துறை ஊழியர் ஒருவர். நால்வருக்கும் பணமே குறி. பெயர்களை மறைத்துவிட்டு உரையாடலைப் படித்தால் யார் பேசுகிறார் என்று எனக்கே தெரியவில்லை.

கடந்த காலம் என்பது ஒரு பாத்திரத்துக்கு எந்த அளவுக்குத் தேவை, அதை எப்படி அவனுடைய இன்றைய செயலோடு இணைப்பது, நான்கு வில்லன்களுக்கு நான்கு தனித்தனி நோக்கங்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில் உங்கள் ஆலோசனை வேண்டும்.

மூலப்பத்திரம்:

கழுவெளி அவர்களுக்கு,

தென்சென்னைப் புறநகர் ஒன்றில், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே கடை வைத்திருந்த ஒரு பத்திர எழுத்தரிடம் பல ஆண்டுகள் உதவியாளராக இருந்தவன் நான். இலக்கியம் பேச எனக்குத் தகுதி குறைவு. தணிகாசலங்களைப் பற்றிப் பேசத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

ஆலை மூடப்பட்டது, அவன் ஏன் துன்பப்பட்டான் என்பதைச் சொல்கிறது. அவன் ஏன் ஏரியை விற்கிறான் என்பதைச் சொல்லவில்லை. பணத்துக்காக என்று நீங்கள் சொல்லலாம்; பணம் யாருக்குத்தான் வேண்டாம்? எங்கள் கடைக்கு வந்துபோன தரகர்களில் ஒருவரை நினைவுபடுத்திச் சொல்கிறேன். பதிவு முடிந்த பத்திரம் கைக்கு வரும் நாளில், வாங்கியவர் குடும்பத்தோடு வர வேண்டும் என்று அவர் வற்புறுத்துவார். ஒரு எவர்சில்வர் தட்டில் வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம், மேலே மஞ்சள் தடவிய பத்திரம் வைத்து, அதை வீட்டுக்காரரிடம் கொடுக்காமல் அந்த அம்மாவின் கையில்தான் கொடுப்பார். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கும் வரை இடத்தை விட்டு நகர மாட்டார். பாக்கிக் கமிஷனைக்கூட அதற்குப் பிறகுதான் கேட்பார். அவர் விற்ற மனைகளில் சில நீர்ப்பிடிப்பில் இருந்தவை என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அந்த மனிதருக்குப் பணத்தைவிட அந்தக் கண்ணீர்தான் தேவைப்பட்டது என்று நான் இன்றும் நம்புகிறேன். உங்கள் தணிகாசலத்துக்கு இதைக் கொடுத்துப் பாருங்கள். அப்போது அவனுடைய கடந்த காலத்தில் ஆலையும் அப்பாவின் குடியும் பின்னுக்குப் போய், வேறொரு காட்சி முன்னுக்கு வரும்: வீட்டு வாடகை முன்பணத்துக்காக அவன் அம்மா ஒரு உறவினர் வீட்டுத் திண்ணைக்குக் கீழே நின்று கேட்டதும், அவர்கள் இல்லையென்று சொன்னதும். தான் இப்போது திண்ணைமேல் நின்று கொடுக்கிறவனாக இருக்க வேண்டும் என்பது அவன் ஆசை. அரசாங்கம் கொடுக்காத வீட்டைத் தான் கொடுத்ததாக அவன் மனதார நம்பலாம். இப்படிப்பட்டவன் வெறும் பேராசைக்காரனைவிட ஆபத்தானவன். பேராசைக்காரனுக்குப் போதும் என்ற எண்ணம் ஒருநாள் வரக்கூடும்.

அடுத்து, அவன் கோட்டைத் தாண்டும் இடத்தை ஒரு குறிப்பிட்ட காகிதத்தில் காட்டுங்கள். பவர் என்று நாம் சொல்லும் பொது அதிகாரப் பத்திரம், பொதுவாக அதைக் கொடுத்தவர் உயிரோடு இருக்கும் வரைதான் செல்லும். அவர் இறந்தால் முகவரின் அதிகாரமும் அத்தோடு முடிந்தது. ஏரியை அடுத்துப் பட்டா நிலம் வைத்திருக்கும் ஒரு பெரியவர், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால், தணிகாசலத்துக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒரு வியாழக்கிழமை இறந்துபோகிறார். பாடைக்கு மூங்கில் வாங்கி வருபவன் தணிகாசலம்தான். சுடுகாடு வரை வெறுங்காலோடு நடக்கிறான், உண்மையாகவே அழுகிறான். திங்கட்கிழமை காலை சார்பதிவாளர் முன் உட்கார்ந்து, இறந்தவரின் முகவராகக் கையெழுத்துப் போட்டு, மூன்று மனைகளைக் கிரயம் செய்து கொடுக்கிறான். மூன்று குடும்பங்களும் நகையை அடகு வைத்து முழுத்தொகையையும் முன்பே கட்டிவிட்டன. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பிள்ளைகள் ஊருக்கு வந்து கையெழுத்திடக் காத்திருந்தால் மாதக்கணக்கில் ஆகும். அந்தப் பெண்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப அவனால் முடியாது. இது அவன் தனக்குச் சொல்லிக்கொள்ளும் காரணம். அதில் பாதி உண்மை என்பதுதான் வாசகருக்குத் தொல்லை கொடுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. அவன் சொந்த வீடு எங்கே இருக்கிறது? தான் பிரித்த மனைகளில் ஒன்றைக்கூட அவன் தன் பெயரிலோ மகள் பெயரிலோ வைத்துக்கொள்ளவில்லை, பரங்கிமலை அடிவாரத்தில் மேடான தெருவில் வீடு கட்டிக்கொண்டான் என்று எங்காவது ஒரு வரி எழுதிவிடுங்கள். அதை யாரும் விளக்க வேண்டாம். 2015 டிசம்பர் முதல் தேதி இரவு கதையில் வரும்போது வாசகருக்கு அந்த வரி தானாக நினைவுக்கு வரும்.

உரைகாரர்:

மேலே நண்பர் எழுதியிருப்பது அருமை. ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். தீமை செய்கிறவனுக்கெல்லாம் பிள்ளைப் பருவத்துக் காயம் ஒன்றைத் தேடிக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற எண்ணம் அண்மைக் காலத்தில் மிகவும் பெருகிவிட்டது. சகுனியின் பகடைகள் அவனுடைய தந்தையின் எலும்பிலிருந்து செய்யப்பட்டவை என்ற கதை நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியும்; அது வியாச பாரதத்தில் இல்லை. பின்னால் வந்த வாய்மொழிக் கதைகள் சேர்த்துக்கொண்டது. கேட்பவர்களுக்குக் காரணம் தேவைப்பட்டது, யாரோ கொடுத்தார்கள். சுவையான கதைதான், மறுக்கவில்லை.

ஆனால் சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லனைப் பாருங்கள். அவனுக்கு இளமைக் கதை எதுவும் கிடையாது, பெயர்கூடக் கிடையாது. அரசியின் சிலம்பைத் திருடியவன் அவன். மாட்டிக்கொள்ளும் அச்சம் உள்ளே இருக்கிறது. அந்த நேரத்தில் அதேபோன்ற ஒரு சிலம்போடு வெளியூர்க்காரன் ஒருவன் தெருவில் எதிரே வந்து, இதற்கு விலை மதிப்பிட முடியுமா என்று கேட்கிறான். அச்சமும் வாய்ப்பும் சந்தித்த அந்தக் கணம்தான் அவனுடைய முழு நோக்கம். காவலர்கள் கோவலனைப் பார்த்துவிட்டு, இவன் முகத்தைப் பார்த்தால் திருடன் போல் இல்லையே என்று தயங்கும்போது, பொற்கொல்லன் களவு நூல் கூறும் உத்திகளை வரிசைப்படுத்தி அவர்களுக்குப் பாடமே நடத்துகிறான். திருடர்கள் எவ்வாறெல்லாம் ஏமாற்றுவார்கள் என்று இவ்வளவு நுட்பமாக விளக்குகிறவன் யார் என்று அங்கே நின்ற ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஒரு பாத்திரத்தின் கடந்த காலத்தை அவன் அறிவின் வழியாகவே இளங்கோ காட்டிவிடுகிறார். பின்கதை அத்தியாயம் எதுவும் தேவைப்படவில்லை.

பின்கதை வேண்டும் என்றே வைத்துக்கொண்டாலும், கம்பன் கூனிக்குக் கொடுக்கும் அளவு போதும். இராமன் சிறுவனாக இருந்தபோது வில்லில் வைத்து அடித்த மண்ணுருண்டை தன்மேல் பட்டதை அவள் அப்போது நினைத்துக்கொள்கிறாள் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு, கைகேயியின் அரண்மனைக்குள் அவளை அனுப்பிவிடுகிறான். அந்தச் சிறு விளையாட்டுக்கும் பதினான்கு ஆண்டு வனவாசத்துக்கும் அளவில் எந்தப் பொருத்தமும் இல்லை. அந்தப் பொருத்தமின்மையே கூனியைப் பற்றி நமக்குச் சொல்கிறது. நீங்களோ ஆலை மூடல் என்ற மிகப் பெரிய காரணத்தைக் கொடுத்து, அதற்குச் சரிசமமான குற்றத்தையும் வைத்திருக்கிறீர்கள். கணக்கு நேராகிவிட்டதால் பாத்திரத்தில் புதிராக எதுவும் எஞ்சவில்லை. உங்கள் வட்டத்தில் ஒருவருக்குக் கோபம் வராமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

வியாசர்பாடி வாசகி:

ஒரு வருத்தத்தைப் பதிவு செய்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வில்லனுக்கு ஒரு கடந்த காலம் தேவை என்றவுடன், சென்னையில் எழுதுகிற பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது வடசென்னை. குடிசை, குடிகார அப்பா, மூடிய ஆலை, அப்புறம் நேரே குற்றம். என் தாத்தாவும் அதே ஆலையில் வேலை பார்த்தவர். ஆலை மூடியபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே நாளில் அதே நிலையில் நின்றன. அந்தப் பிள்ளைகளில் ஆசிரியர் ஆனவர்கள் உண்டு, ரயில்வேயில் சேர்ந்தவர்கள் உண்டு, பந்து விளையாடியே வேலைக்குப் போனவர்களும் உண்டு. அவ்வளவு பேருக்கும் பொதுவான ஒன்று, தணிகாசலம் ஏன் இப்படி ஆனான் என்பதற்குக் காரணமாக இருக்க முடியாது. அவனுக்கு மட்டுமே உரியது எது என்று தேடுங்கள். மூலப்பத்திரம் ஐயா சொன்ன திண்ணைக் காட்சி அந்த வகையில் சரியானது.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஆலைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது வறுமை மட்டும்தானா? 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியதே பெரம்பூரில், அந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான். எங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் சங்கச் சந்தா ரசீதுகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. மனு எழுதத் தெரிந்தவர், நாலு பேரைக் கூட்டிப் பேசத் தெரிந்தவர், ஒருவரிடம் ஒரு ரூபாய் வாங்கினாலும் ரசீது கொடுக்கத் தெரிந்தவர். உங்கள் தணிகாசலம் அப்பாவிடமிருந்து இந்தத் திறமைகளைத்தான் எடுத்துக்கொண்டிருப்பான். சங்கச் சந்தா அட்டையைப் போலவே மனைத் தவணைக்கு அட்டை அடித்து, மாதாமாதம் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பான். ஏழை மக்கள் அவனை நம்புவது அந்த அட்டைக்காகத்தான். அப்பா கூலிக்காகக் கூட்டிய கூட்டத்தைப் போன்றதையே மகன் ஏரியை விற்கக் கூட்டுகிறான் என்று வந்தால், உங்கள் பின்கதை அத்தியாயத்தை யாராலும் தூக்க முடியாது; ஏனென்றால் அது ஒவ்வொரு அத்தியாயத்திலும் அந்த அட்டையாக வந்துகொண்டே இருக்கும். அப்பா குடித்துச் சாக வேண்டிய அவசியமும் இருக்காது. உயிரோடு இருந்து, மகனின் அட்டையைக் கையில் வாங்கிப் பார்க்கட்டுமே.

கழுவெளி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பாவை உயிரோடு வைத்துக்கொள்கிறேன். அவர் அந்த அட்டையைப் பார்க்கும் காட்சியை நேற்றிரவே எழுதத் தொடங்கிவிட்டேன். உரைகாரர் ஐயா சொன்ன அளவுப் பொருத்தத்தை இன்னும் அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன். திண்ணைக் காட்சியை ஒரு பத்திக்கு மேல் போகவிடாமல் வைத்தால் அவருக்கும் சம்மதமாக இருக்கும் என்று நினைக்கிறேன். மற்ற மூன்று பேரைப் பற்றி யாராவது சொல்ல முடியுமா? அவர்களுக்கும் தனித்தனிக் கடந்த காலம் எழுதினால் நாவல் எங்கேயோ போய்விடும்.

திரை விருத்தம்:

நான் மேடை நாடகத்தில் இருப்பவன். மூவருக்கும் பின்கதை எழுத வேண்டாம். ஆளுக்கொரு கெடுவைக் கொடுங்கள். பில்டருக்கு வங்கி வட்டி, அதனால் அவன் மாதக் கணக்கில் யோசிப்பான். வருவாய்த் துறை ஊழியருக்கு ஓய்வு பெறும் தேதி ஒன்று இருக்கிறது. அதுவரை எந்த விசாரணையும் வராமல் போக வேண்டும், ஓய்வூதியம் நிற்கக் கூடாது. அவருக்குப் பணத்தின்மீது உள்ள ஆசையைவிடக் கோப்புமீது உள்ள பயம் பெரிது. கவுன்சிலருக்கு அடுத்த தேர்தல். தணிகாசலத்துக்கு மட்டும் கெடு கிடையாது, அதனால்தான் அவன் நால்வரில் அமைதியானவன், மற்றவர்கள் அவனைச் சார்ந்து நிற்பதும் அதனால்தான்.

பிறகு ஒத்திகையில் நாங்கள் செய்யும் ஒரு பயிற்சியைச் செய்து பாருங்கள். ஒரே செய்தியை நால்வர் காதிலும் போட வேண்டும். நாளைக் காலை ஏரியின் எல்லையை அளக்க ஆள் வருகிறார்கள் என்று தொலைபேசியில் தகவல் வருகிறது. ஒவ்வொருவரும் கேட்கும் முதல் கேள்வியை மட்டும் எழுதுங்கள்.

“அளந்து முடிக்க எத்தனை நாள் ஆகும்?”

“மனு கொடுத்தது யாரு?”

“பழைய அளவைப் படத்துல யார் கையெழுத்து இருக்கு?”

“குடி வந்தவங்ககிட்ட இதை யார் சொல்லப் போறா?”

பெயர் போடாமலே யார் எது என்று தெரிகிறதல்லவா? கடைசிக் கேள்வி கேட்பவன் மக்கள்மீது அக்கறை கொண்டவன் போலவும் இருக்கிறான், தன் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று கவலைப்படுகிறவன் போலவும் இருக்கிறான். அந்த இரண்டையும் பிரிக்க முயல வேண்டாம். நடிகன் ஒருவன் அந்த வரியைப் பேசினால் இரண்டையும் சேர்த்துத்தான் பேசுவான்.

பரிதாபம் வந்துவிட்டால் கோபம் வராது என்று உங்கள் வட்டத்தில் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போயிருக்கிறீர்களா? பாரதக் கூத்தில் துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து பாடிக்கொண்டே, கிரீடமும் புஜக்கட்டையுமாக ராஜாவாகத்தான் வருவான். என்னை ஏன் இப்படி ஆக்கினார்கள் என்று எங்கும் முறையிட மாட்டான். திரௌபதியின் கூந்தலைப் பிடித்து இழுக்கும் இரவில் கூட்டம் கொதிக்கும். பதினெட்டாம் போர் முடிந்து, திடலில் மண்ணால் பெரிதாகச் செய்து படுக்க வைத்த துரியோதனன் உருவத்தின்மேல் பீமன் ஏறி அடித்து முடித்த பிறகு, அதே துரியோதனனுக்காக ஒப்பாரி வைப்பதும் உண்டு. அந்தக் குற்றத்தை யாரும் மன்னிக்கவில்லை. இரண்டும் ஒரே திருவிழாவில், ஒரே சனங்களுக்கு நடக்கிறது. உங்கள் வாசகர்களாலும் முடியும்.

மூலப்பத்திரம்:

திரை விருத்தம் சொன்ன கெடு யோசனைக்கு ஒரு சிறு தகவல் உதவக்கூடும். கதை 2003இல் தொடங்குவதால், ஊர் பள்ளிக்கரணைக்குள் இருந்தால் உங்கள் கவுன்சிலர் அப்போது மாநகராட்சிக் கவுன்சிலராக இருக்க முடியாது. பள்ளிக்கரணை அன்றைக்குப் பேரூராட்சி. 2011இல் மாநகராட்சியின் எல்லையை விரித்து, 155 வார்டுகளை 200 ஆக்கியபோதுதான் அது சென்னையோடு சேர்ந்தது. சின்ன வார்டில் ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தே வென்று வந்தவருக்கு, முகம் தெரியாத வாக்காளர்கள் திடீரென்று ஆயிரக்கணக்கில் வந்து சேர்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் தவணை அட்டை வைத்திருப்பவர்கள் அத்தனை பேரும் தணிகாசலம் சொன்னால் கேட்பார்கள். 2011க்கு முன் கவுன்சிலர் வீட்டு வாசலில் தணிகாசலம் காத்திருந்திருப்பான். அதற்குப் பிறகு யார் யார் வீட்டுக்குப் போகிறார்கள் என்பதை மாற்றி எழுத வேண்டியிருக்கும்.